வியட்நாமும் ஈராக்கும்: எந்த இடம் வரை ஒப்பிடலாம்?

பழையநாளிதழ் எழுதியது:

ஈராக் போரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "அது இன்னொரு வியட்நாம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே இன்னொருவர் "இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று மறுத்துவிடுகிறார். எந்த அம்சத்தை ஒப்பிடுகிறோம் என்பதை இரு தரப்பும் தெளிவுபடுத்தாததால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் நடந்ததைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு போர்கள். ஆனால் வாஷிங்டன் அவற்றுக்குள் நுழைந்த விதத்திலும், முதல் போரிலிருந்து கற்றுக்கொண்டதாக அது நினைத்த பாடங்கள் இரண்டாம் போரைக் கெடுத்த விதத்திலும் ஆழமான தொடர்பு இருக்கிறது.

1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் 'மேடாக்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. அது உண்மையில் நடந்தது. ஆனால் ஆகஸ்ட் 4 அன்று இரண்டாவது தாக்குதலும் நடந்ததாக அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தாரே, அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லை. இருட்டிலும் மோசமான வானிலையிலும் சோனார் கருவி தந்த குழப்பமான ஒலிகளும், பிழையாகப் பொருள்கொள்ளப்பட்ட வானொலி இடைமறிப்புகளும்தான் அதற்கு ஆதாரம். ஆயினும் மூன்றே நாட்களில் பிரதிநிதிகள் சபை 416-0 என்றும் செனட் 88-2 என்றும் வாக்களித்து, தென்கிழக்கு ஆசியாவில் தேவைப்படும் நடவடிக்கை எதையும் எடுக்கும் அதிகாரத்தை அதிபரிடம் ஒப்படைத்தன. எதிர்த்து வாக்களித்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் ஆகிய இருவர் மட்டுமே. அந்த இரண்டாம் தாக்குதல் பற்றிய உளவுத் தகவல்கள் ஒருபக்கமாகத் தொகுத்துத் தரப்பட்டன என்பதை, தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாய்வாளர் எழுதி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வே ஏற்றுக்கொள்கிறது.

2002 அக்டோபரில், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி, அதற்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் ஜார்ஜ் புஷ்ஷுக்கு வழங்கப்பட்டபோது வாக்குகள் 296-133, 77-23 என்று பிரிந்தன. அந்தச் செனட் விவாதத்தில் மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் ராபர்ட் பேர்டு. 1964-இல் டோங்கின் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தவர் அவர். அந்த வாக்கைப் பற்றிய வருத்தத்தைச் சொல்லியே சக உறுப்பினர்களை எச்சரித்தார். அவருடைய பேச்சைக் கேட்ட பிறகும் 77 பேர் ஆதரித்தார்கள். முன்னுதாரணம் தெரியாததால் நடந்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது.

தராசு எழுதியது:

தொடக்கப் பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் நுழைவாயில் ஒன்றுபோல இருப்பதாலேயே வீடும் ஒன்றுபோல இருக்கும் என்று வாசகர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக வேறுபாடுகளை எழுதுகிறேன்.

வியட்நாமில் அமெரிக்காவின் எதிரி ஓர் அரசு. ஹனோயில் தலைநகர், கட்டுக்கோப்பான கட்சி, முறையான ராணுவம், சோவியத் யூனியனும் சீனாவும் தந்த ஆயுதங்கள் ஆகியவற்றுடன், 1954-இல் தியன் பியன் புவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த பெருமையும் அதற்கு இருந்தது. ஹோ சி மின்னை எதிர்த்தவர்களிலேயே பலர் அவரை நாட்டு விடுதலைக்காகப் போராடியவர் என்று ஒப்புக்கொண்டார்கள். தெற்கில் அமெரிக்கா தாங்கிப்பிடித்த அரசுக்கு அப்படியொரு தகுதி கடைசிவரை வாய்க்கவில்லை; வடக்கையும் தெற்கையும் இணைக்க 1956-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்காமலே போனது, 1963 நவம்பரில் அதன் அதிபர் ஙோ டின் டியம் சொந்தத் தளபதிகளாலேயே கொல்லப்பட்டார்.

ஈராக்கில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே அமெரிக்கா எந்த அரசையும் காப்பாற்றப் போகவில்லை. இருந்த அரசை மூன்று வாரங்களில் கவிழ்த்தது. 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்த பிறகு எதிரி என்று சொல்ல ஒரு தலைமையகமும் இல்லை, வட வியட்நாம் சார்பில் பேச வந்த லே டக் தோவைப்போலப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க ஒருவரும் இல்லை. சதாம் உசேனின் பழைய பாத் கட்சியினர், சுன்னி ஆயுதக் குழுக்கள், அல் காய்தாவின் ஈராக் கிளை, மதகுரு முக்தாதா அல் சதரின் ஷியா படை எனப் பல தரப்புகள் அமெரிக்கர்களையும் தாக்கின, ஒன்றையொன்றும் தாக்கிக்கொண்டன. 2006 பிப்ரவரியில் சமாராவின் அல் அஸ்கரி பள்ளிவாசல் தகர்க்கப்பட்ட பிறகு நடந்தது கிளர்ச்சியைவிட உள்நாட்டுப் போர் என்ற சொல்லுக்கே அதிகம் பொருந்தும்.

அளவிலும் ஒப்பீடு இல்லை. 1969-இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 5,43,000; ஈராக்கில் உச்ச அளவு 2007-இல் சுமார் 1,70,000. இறந்த அமெரிக்கப் படையினர் அங்கே 58,000-க்கும் மேல், இங்கே சுமார் 4,500.

கிழக்குக்கடல் எழுதியது:

நுழைவாயிலும் அப்படியே ஒன்றல்ல என்பதே என் கருத்து. டோங்கின் விவகாரத்தில் எல்லாம் சில நாட்களில் முடிந்துவிட்டது. விசாரிக்க அவகாசமே தரப்படவில்லை. ஈராக்கில் விசாரிக்க அவகாசம் இருந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1441-ஆம் தீர்மானத்துக்குப் பிறகு ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆய்வாளர்கள் நேரிலேயே போய் ஆயுதங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நைஜரில் இருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேய் 2003 மார்ச்சில் பாதுகாப்புச் சபையிலேயே அறிவித்தார். படையெடுப்பு தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதே சபையில் விவரித்த நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்களுக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஒரே ஓர் ஈராக்கியர் அந்நாட்டு உளவுத்துறையிடம் சொன்ன கதை. 'கர்வ்பால்' என்ற குறிப்புப் பெயரால் அறியப்பட்ட அவரை அமெரிக்க அதிகாரிகள் நேரடியாக விசாரித்ததே படையெடுப்புக்குப் பின்னர்தான். ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய அமெரிக்கக் குழுவின் டூல்ஃபர் அறிக்கை 2004-இல் வெளிவந்து, ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று உறுதிசெய்தது. 1964-இல் குழப்பமான தகவலை அவசரத்தில் நம்பினார்கள் என்றாவது சொல்லலாம். 2003-இல் தகவல் தவறு என்று சொன்னவர்களைக் கேட்க மறுத்தார்கள். என் பார்வையில் பின்னதே பெரிய குற்றம்.

மலைக்கோட்டை எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒரு பெரிய வேறுபாடு, போரின் சுமையை யார் சுமந்தார்கள் என்பது.

வியட்நாம் காலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க இளைஞர்கள் கட்டாய ராணுவச் சேவையில் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியில் படித்தவர்களுக்குத் தள்ளிவைப்பு கிடைத்ததால், தொழிலாளர் குடும்பத்துப் பையன்களும் கறுப்பின இளைஞர்களும் முன்வரிசைக்குப் போனார்கள் என்ற கசப்பு வளர்ந்தது. 1969 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கலத்தில் இருந்து 366 பிறந்தநாள் சீட்டுகளைக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த தகுதியுள்ள ஒவ்வோர் இளைஞனின் வீட்டுக்கும் போர் அன்றிரவே வந்து சேர்ந்துவிட்டது. 1967-இல் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்ததும், 1970-இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்தச் சூழலில்தான்.

1973-இல் கட்டாயச் சேவை முடிவுக்கு வந்தது. 2003-இல் போனவர்கள் எல்லாம் விருப்பப்பட்டுச் சேர்ந்த தொழில்முறைப் படையினரும் ரிசர்வ் படையினரும். ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது அதே ஆட்களே இரண்டு, மூன்று, நான்கு முறை திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தக்காலம் முடிந்தவர்களும் விடுவிக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டார்கள். தனியார் காவல் நிறுவன ஊழியர்கள் இன்னொரு பெரும் கூட்டம். பொருளாதாரத்திலும் இதே கதைதான். ஜான்சன் 1968-இல் வருமான வரிமீது 10 விழுக்காடு கூடுதல் வரி போட்டார். புஷ் போர் தொடங்கிய சில வாரங்களில் வரியைக் குறைத்துச் சட்டம் இயற்றினார். போர் கடனில் நடந்தது. 1991 முதல் நடைமுறையில் இருந்த தடையால், டோவர் விமானத் தளத்துக்கு வந்த சவப்பெட்டிகளைக்கூட 2009 வரை படமெடுக்க முடியவில்லை.

2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் நடந்த ஊர்வலங்கள், போர் தொடங்குவதற்கு முன்பே நடந்தவை. அந்த அளவில் வியட்நாம் காலத்தில் எந்த ஒரு நாளும் நடந்ததில்லை. ஆனாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அமெரிக்க வளாகங்கள் அமைதியாகவே இருந்தன. சொந்த வீட்டுக்கு அழைப்பாணை வராத போரை எதிர்க்க ஒரு சனிக்கிழமை போதும் என்று பலரும் நினைத்துவிட்டார்கள்.

தராசு எழுதியது:

கட்டாயச் சேவைக்கு இவ்வளவு பங்கு கொடுப்பதை நான் ஏற்கவில்லை. 1968 ஜனவரி இறுதியில் வடக்குத் தரப்பு தெற்கின் நகரங்கள்மீது தொடங்கிய டெட் தாக்குதல் ஜான்சனை மறுபடியும் போட்டியிடாமல் விலகச் செய்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் அமெரிக்கப் படை ஐந்தாண்டுகள் அங்கேயே இருந்தது. எதிர்ப்பு உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பிறகு, 1972-இல், நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார். டோங்கின் தீர்மானத்தைக் காங்கிரஸ் 1971 ஜனவரியிலேயே ரத்து செய்துவிட்டது, போர் நிற்கவில்லை.

ஈராக்கில் வாக்காளர்கள் பேசாமல் இருந்தார்கள் என்பதும் சரியல்ல. 2006 நவம்பரில் இரு அவைகளையும் ஆளுங்கட்சியிடமிருந்து பறித்தார்கள். அதற்குப் புஷ் தந்த பதில், 2007 ஜனவரியில் கூடுதல் படையை அனுப்புவதாக அறிவித்தது. இரு தலைமுறைகளிலும் தெரு எதிர்ப்பும் தேர்தலும் போரை நேரடியாக நிறுத்தவில்லை என்பதே என் முடிவு.

முல்லைநிலம் எழுதியது:

இந்த இழையில் இதுவரை எண்ணப்பட்டவை எல்லாம் அமெரிக்கப் பிணங்கள். அளவில் ஒப்பீடு இல்லை என்று தராசு அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி இரு பகுதிகளிலும் கொல்லப்பட்ட பொதுமக்கள் சுமார் 20 லட்சம். வடக்குத் தரப்பின் போராளிகள் 11 லட்சம். ஈராக்கில் 2003-க்குப் பிறகு ஆதாரத்துடன் பதிவான பொதுமக்களின் வன்முறை மரணங்கள் மட்டும் 1,80,000-க்கும் மேல். 2007 வாக்கில் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். லாவோஸில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகள் போடப்பட்டன. அமெரிக்கா போர் அறிவிக்காத நாடு அது. அன்று வெடிக்காமல் புதைந்த சிறு குண்டுகள் இன்றும் உழவர்களையும் குழந்தைகளையும் கொல்கின்றன. 1962 முதல் 1971 வரை காடுகளிலும் வயல்களிலும் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு போன்ற களைக்கொல்லிகளில் கலந்திருந்த டையாக்சின் நஞ்சு, பழைய விமானத் தளங்களின் மண்ணில் இன்னமும் அகற்றப்பட்டுவருகிறது.

1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் கொல்லப்பட்டவர்கள் அமெரிக்கக் கணக்கில் 347, வியட்நாம் கணக்கில் 504. ஹியூ தாம்ப்சன் என்ற ஹெலிகாப்டர் விமானி, கிராமத்தவருக்கும் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். ஓராண்டுக்கு மேல் மூடிமறைக்கப்பட்ட அந்தப் படுகொலையை 1969 நவம்பரில் வெளிக்கொண்டுவந்த செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2004-இல், ஈராக்கில் அமெரிக்கப் படையினர் நடத்திய அபு கிரைப் சிறைக் கொடுமைகளைப் பற்றிய ராணுவத்தின் உள் அறிக்கையை அம்பலப்படுத்தியவரும் அதே ஹெர்ஷ்தான். இரு போர்களும் ஒரே செய்தியாளரின் பணிக்காலத்துக்குள் அடங்குகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தண்டனை எப்படி இருந்தது? மை லாய்க்காகத் தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர் மட்டுமே. ஆயுள் தண்டனை என்று தொடங்கியது, சில ஆண்டு வீட்டுக்காவலில் முடிந்தது. 2005 நவம்பரில் ஈராக்கின் ஹதீதாவில் அமெரிக்கப் படையினரால் 24 பொதுமக்கள் கொல்லப்பட்டதற்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. 2007-இல் பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் 17 பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர்கள் நால்வர் தண்டிக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில் அவர்களுக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. ஒற்றுமை தேடுபவர்கள் நீதிமன்ற ஆவணங்களில் இருந்தே தொடங்கலாம்.

பழையநாளிதழ் எழுதியது:

முல்லைநிலம் அவர்களின் பதிவுக்கு நன்றி. பாடங்கள் என்று முதல் பதிவில் நான் குறிப்பிட்டதை இப்போது விரித்து எழுதுகிறேன்.

வியட்நாமில் இளம் அதிகாரிகளாக இருந்தவர்கள்தான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தளபதிகள் ஆனார்கள். அவர்கள் எடுத்த முடிவு, "இனி இப்படிப்பட்ட போருக்கே போகக் கூடாது" என்பது. 1984-இல் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பர்கர் அதைக் கொள்கையாக அறிவித்தார்: நாட்டின் உயிர்நலன் பாதிக்கப்பட வேண்டும், நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், மக்கள் ஆதரவு இருக்க வேண்டும், வெல்லும் அளவுக்குப் படை அனுப்ப வேண்டும். அவரிடம் உதவியாளராக இருந்த காலின் பவல், வியட்நாமில் இருமுறை பணியாற்றியவர், பின்னர் இதைத் தன் பெயராலேயே வழங்கும் கோட்பாடாக்கினார். 1991-இல் குவைத்தை மீட்டபோது அந்தக் கோட்பாடு அப்படியே பின்பற்றப்பட்டது. வியட்நாம் நோயை, அதாவது அந்தத் தோல்விக்குப் பின் வந்த போர்த் தயக்கத்தை, உதறிவிட்டோம் என்று மூத்த புஷ் பெருமைப்பட்டார்.

இந்தப் பாடத்தின் இருண்ட பக்கம், கிளர்ச்சியை எதிர்கொள்வது பற்றி வியட்நாமில் பெற்ற அறிவையே ராணுவம் ஒதுக்கிவிட்டது என்பது. இனி அப்படிப்பட்ட போர் வராது என்று நினைத்துப் பயிற்சிப் பள்ளிகளில் அதைச் சொல்லிக்கொடுப்பதைக் குறைத்தார்கள். 1987-இல் டேவிட் பெட்ரேயஸ் என்ற அதிகாரி பிரின்ஸ்டனில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வின் பொருளே வியட்நாம் அமெரிக்க ராணுவத்துக்குக் கற்பித்த பாடங்கள்தான். அவர் மேற்பார்வையில் கிளர்ச்சி எதிர்ப்புக் கையேடு ஒன்று வெளிவந்தது 2006 டிசம்பரில், அதாவது போர் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

இன்னொரு பக்கம், டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் பாதுகாப்புத் துறை பவலின் பாடத்தையும் தூக்கி எறிந்தது. 2003 பிப்ரவரியில் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, ஈராக்கைப் பிடித்த பிறகு ஒழுங்கை நிலைநிறுத்தப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று செனட் குழுவிடம் சொன்னார். அவரும் வியட்நாமில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். இரண்டு நாட்களில் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணிப்பை வெளிப்படையாக மறுத்தார். மே மாதத்தில் ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் பாக்தாத் வந்து இரண்டு ஆணைகள் பிறப்பித்தார்: முதலாவது, பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணிகளில் இருந்து நீக்கியது, இரண்டாவது, ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த சில லட்சம் பேர் ஒரே வாரத்தில் வேலையற்றவர்கள் ஆனார்கள். தெற்கு வியட்நாமில் அமெரிக்கா செய்த தவறுகளின் பட்டியல் நீளமானது என்றாலும், தன் கையில் இருந்த ராணுவத்தைத் தானே கலைத்த தவறு அதில் இல்லை.

மலைக்கோட்டை எழுதியது:

துணை நின்ற நாடுகளைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு. வியட்நாமுக்குப் படை அனுப்பிய நாடுகளில் தென் கொரியா மட்டும் உச்சத்தில் சுமார் 50,000 பேரை அனுப்பியது. ஆனால் பிரிட்டன், ஜான்சன் எவ்வளவு கேட்டும், ஹரோல்ட் வில்சன் காலத்தில் படை அனுப்ப மறுத்துவிட்டது. 2003-இல் டோனி பிளேர் அதற்கு எதிர்த்திசையில் போனார். அமைதியான வழிகள் தீர்ந்துபோகும் முன்பே படையெடுப்பில் சேர்ந்ததாக 2016-இல் பிரிட்டனின் சொந்த விசாரணையான சில்காட் அறிக்கை அவரது அரசைக் குற்றம் சாட்டியது. இந்தியா இரு முறையும் வெளியே நின்றது. 1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குத் தலைமை வகித்தது நாம்தான், ஆனால் அதனால் போரைத் தடுக்க முடியவில்லை. 2003-இல் ஒரு டிவிஷன் அளவுக்குப் படை கேட்டு வாஷிங்டன் வற்புறுத்தியபோது, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லை என்று காரணம் காட்டி வாஜ்பாய் அரசு ஜூலை 14 அன்று மறுத்தது. அந்த முடிவால் இந்தியா இழந்தது எதுவும் இல்லை.

தராசு எழுதியது:

முடிந்த விதத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் கடைசியாக அதைச் சேர்க்கிறேன்.

2007 ஆகஸ்டில் புஷ் தாமே வியட்நாமை ஒப்புமையாக எடுத்தார். அமெரிக்கா விலகியதன் விலையைப் வியட்நாமில் இருந்து படகில் தப்பிய அகதிகளும் கம்போடியாவில் கொல்லப்பட்டவர்களும் கொடுத்தார்கள், ஈராக்கிலிருந்து விலகினாலும் அப்படியே ஆகும் என்பது அவர் வாதம். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியை 1979-இல் விரட்டியது வியட்நாம் ராணுவமே என்பதை அந்த உரை கண்டுகொள்ளவில்லை. ஆயினும் அவர் எச்சரிக்கையில் ஒரு பகுதி பலித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்கப் படை வெளியேறியது. 2014 ஜூனில் தன்னைவிடப் பலமடங்கு சிறிய ஐ.எஸ். படையிடம் ஈராக் ராணுவம் மோசுல் நகரை விட்டுவிட்டு ஓடியது. 1975 வசந்தத்தில் தெற்கு வியட்நாம் ராணுவம் நகரம் நகரமாகக் கலைந்ததை அது பலருக்கும் நினைவூட்டியது. ஆனால் சைகோன் ஏப்ரல் 30 அன்று வீழ்ந்தது, பாக்தாத் வீழவில்லை. மூன்றாண்டுகளில், அமெரிக்க விமானப்படையின் உதவியோடு, மோசுல் மீட்கப்பட்டது.

போர்களின் நோக்கத்தோடு ஒப்பிட்டால் விளைவுகள் இன்னும் விசித்திரமானவை. சீனாவின் செல்வாக்கு தெற்கே பரவாமல் தடுக்கவே வியட்நாமில் போரிடுவதாக அமெரிக்கா சொன்னது. சைகோன் வீழ்ந்து நான்கே ஆண்டுகளில், 1979 பிப்ரவரியில், சீனா வியட்நாமின் மீது படையெடுத்தது. 1995-இல் ஹனோயில் அமெரிக்கத் தூதரகம் திறந்தது. தோற்ற போரின் பகை நாடு அமெரிக்காவுக்கு வேண்டிய நாடாக மாறிவிட்டது. ஈராக்கில் சதாமை வீழ்த்தும் நோக்கம் நிறைவேறியது, ஆனால் ஈரானின் மேற்கு எல்லையில் அதற்குத் தடையாக இருந்த ஒரே வலுவான அரசு மறைந்தது. 2019 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட இரண்டு தொகுதி ஆய்வு, இந்தப் போரில் வென்றதாகத் தெரியும் ஒரே தரப்பு ஈரான்தான் என்று எழுதியிருக்கிறது. போரின் எதிர்ப்பாளர்கள் யாரும் எழுதியதல்ல அது. போரிட்ட ராணுவமே தன் அதிகாரிகளைக் கொண்டு எழுதி வெளியிட்டது.